தொய்யாத கயிறு கேட்ட ராஜா

வெகு காலத்துக்கு முன்னால் கீழைமலை நாட்டை மாறகண்டன் என்றொரு ராஜா ஆண்டான். நாட்டை அவன் ஆண்டான். அவனை முகஸ்துதி ஆண்டது.

அவன் பிறந்தநாளுக்குச் சபையின் இரண்டு தூண்களுக்கு நடுவே கயிறு கட்டி, மத்தியில் பெரிய வெண்கல விளக்கைத் தொங்கவிட்டார்கள். பாரத்தில் கயிறு தொய்ந்தது. உடனே திருவம்பலம் எழுந்தான். அமைச்சர் அறவாழியின் பதவிமேல் கண் வைத்திருந்த சபைக்காரன்.

"அரசே, தங்கள் முன்னால் ஒரு கயிறு இப்படி வளைந்து கிடப்பதா? தங்கள் செங்கோல் மாதிரி நேராக நிற்க வேண்டாமா?"

"வேண்டும்! இழுங்கள்!" என்றான் ராஜா.

இரு பக்கமும் மல்லர்கள் இழுத்தார்கள். எவ்வளவு இழுத்தும் கொஞ்சம் தொய்வு மிச்சமிருந்தது. இன்னும் இழுத்தார்கள். கயிறு அறுந்து விளக்கு ராஜாவின் காலடியில் விழுந்தது.

"திரித்தவள் ஏமாற்றுக்காரி!" என்றான் திருவம்பலம்.

கயிறு திரித்த சடைச்சியைப் பிடித்து வந்தார்கள். அவள் கட்டைவிரல் இரண்டையும் வெட்டச் சொன்னான் ராஜா. ஒரு கேள்வி உண்டா, விசாரணை உண்டா? விரல் போனால் அவள் எதை வைத்து நார் திரிப்பாள்?

அறவாழிக்கு முகம் சிவந்துவிட்டது. "பொறுங்கள் அரசே. அவள் கயிறு மோசமென்றால் திருவம்பலமே நல்ல கயிறு தரட்டும்."

"தருகிறேன். யானை கட்டும் கயிறு!"

"ரொம்ப நல்லது. விளக்கை அதில் தொங்கவிடட்டும். அதற்கு நேர்கீழே நீர் உட்காரும். நேராகும்வரை இழுக்கட்டும்."

திருவம்பலம் வீம்புக்கு உட்கார்ந்துவிட்டான். மல்லர்கள் இழுத்தார்கள். தலைக்குமேல் கயிறு நறநறத்தது. ஒரு புரி தெறித்தது.

"விடுங்கடா! தொய்யட்டும்! தொய்ந்தே இருக்கட்டும்!"

"ஏன் ஐயா, உம் கயிறும் ஏமாற்றுக் கயிறா?" என்ற அறவாழி, ராஜாவின் அம்பறாத்தூணியிலிருந்து இரண்டு அம்புகளை உருவித் தூணோடு ஒட்டிப் பிடித்தார்.

"இந்த அம்பு கயிற்றின் இடப்பக்க இழுப்பு, அந்த அம்பு வலப்பக்க இழுப்பு. இதன் நுனியில் வலப்பக்க இழுப்பின் அடியை வைக்கிறேன். கயிறு நேரென்றால் இரண்டு அம்பும் படுக்கைவாட்டில் இருக்கும். இடதுபக்கம் போய், வலதுபக்கம் திரும்பி, எங்கே வந்து நிற்கிறோம்?"

"புறப்பட்ட இடத்தில்" என்றான் ராஜா.

"அப்படியானால் விளக்கைத் தூக்க மேல்நோக்கி மிச்சம் என்ன?"

"ஒன்றுமில்லையே!"

"இப்போது இரண்டையும் மேல்நோக்கிச் சாய்க்கிறேன், தொய்ந்த கயிறு மாதிரி. முதல் அம்பின் அடியிலிருந்து இரண்டாவதன் நுனிவரை ஓர் உயரம் கிடைக்கிறதல்லவா? அதுதான் விளக்கைத் தாங்குகிறது. சாய்வு குறையக் குறைய, அதே உயரம் எட்ட அம்பு நீள வேண்டும். அம்பின் நீளம்தான் கயிற்றின் இழுப்பு. முழுக்க நேராக்கப் பார்த்தால் எந்தக் கயிறும் அறும் அரசே. யார் திரித்தாலும் அறும்."

ராஜா தலைகுனிந்தான். தண்டனையை ரத்து செய்தான். அறவாழிக்குத் தன் முத்துமாலையைப் போட்டான். சடைச்சிக்கு ஒரு தட்டு நிறையப் பொன் நீட்டினான். அவள் தொடவில்லை.

"பொன் இருக்கட்டும் ராஜா. நேராக்கச் சொன்னது இந்தத் திருவம்பலம். இழுக்கச் சொன்னது நீங்கள். வெட்டுவதற்கு மட்டும் என் விரல்தான் கிடைத்ததா?"

ராஜா திருவம்பலத்தைத் திரும்பிப் பார்த்தான். உத்தரவு போட்டான்: திருவம்பலத்தின் ஆசனம் இனி விளக்குக்கு நேர்கீழே.

அதற்கப்புறம் சபைக்கு முதல் ஆளாக வருபவன் திருவம்பலம்தான். வந்ததும் அண்ணாந்து பார்ப்பான், கயிறு நன்றாகத் தொய்ந்திருக்கிறதா என்று.