திருநாளுக்கு முந்திய பறிப்பு

சிஸ்டர் ஞானசௌந்தரி திராட்சை ரச அறையின் சாவியை மடத்துத் தலைவி மதர் பிலவேந்திரத்தின் மேசைமேல் வைத்தாள்.

"வேற யாருக்காவது கொடுத்துருங்க மதர்."

பூசைக்கான திராட்சை ரசம் தயாரிக்கும் பொறுப்பு மூன்று வருடமாக அவளுடையது. மதரைவிட நாலு வயது மூத்தவள், தொழிலில் புதியவள். அந்த மலைமடத்து ரசம் முன்பெல்லாம் பதினொன்றரை சதவீதப் போதையோடு லேசாக, நாக்கில் சுருக்கென்று புளித்து இறங்கும். இப்போது பதினைந்து. கருப்பட்டிப் பாகுபோலக் கனக்கிறது. நகரத்து விருந்தினர்கள் ஆஹா என்கிறார்கள். ஆனால் போன ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு ஒரு தம்ளர் குடித்த சிஸ்டர் தெக்கிளா, மாலை செபத்தில் கிறிஸ்துமஸ் பாட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஜூலை மாதத்தில்.

"நல்லாத்தானே பாடினாங்க?" என்றார் மதர்.

"சிரிக்காதீங்க மதர். முன்னால இருந்த சிஸ்டரோட நோட்டை ஒரு வரி மீறலை. அதே கொடி, அதே பீப்பாய், அதே பதினெட்டு நாள் ஊறல். வெயில் ஏறிப்போச்சு. பழம் தேனா இனிக்குது. அந்த இனிப்பெல்லாம் போதையாகுது. நான் என்ன செய்யட்டும், தண்ணி கலக்கவா?"

"எப்பப் பறிப்பீங்க சிஸ்டர்?"

"ஆகஸ்ட் பதினைஞ்சு, மாதா திருநாள் பூசை முடிஞ்சதும். நூறு வருஷ வழக்கம். அதுக்கு முன்னால கத்திரியைத் தொடக்கூடாது."

மதர் எழுந்து தோட்டத்துக்கு நடந்தார். ஞானசௌந்தரி பின்னால் ஓடினாள். திருநாளுக்கு இன்னும் பதினான்கு நாள்.

மதர் ஒரு பழத்தைக் கிள்ளி அவளிடம் நீட்டினார். கடித்தாள். முதலில் இனிப்பு. அதன் பின்னாலேயே பழைய ரசத்தின் அந்தப் புளிப்பு. அவள் கண் விரிந்தது.

மதரின் அங்கிப் பையிலிருந்து வந்த கத்திரி கிளுக்கென்றது. ஒரு கொத்து மதரின் கையில் விழுந்தது.

"மதர்!"

"கூடையைப் பிடிங்க."

மாடி ஜன்னலிலிருந்து தெக்கிளா கத்தினார்: "யாருடீ அது, திருட்டுத்தனமாப் பறிக்கிறது?"

"நான்தான் சிஸ்டர்," என்றார் மதர்.

"அப்படின்னா எனக்கும் ஒரு கொத்து!"

ஞானசௌந்தரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடை பாதி நிறைந்த பிறகுதான் பயம் வந்தது. தோட்டத்து நடுவில், கூரையில்லாத கல்மாடக் கெபியில் நின்ற மாதா சுரூபத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா மதர்?"

மதர் அடுத்த கொத்தை வெட்டினார்.

"மூணு வருஷமா உச்சி வெயில்ல நின்னு பார்த்துக்கிட்டிருக்காங்க சிஸ்டர், இவ எப்பத்தான் பறிக்க வரப்போறான்னு."