நாலை நாடு கடத்திய அரசர்

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் நாலு என்ற எண்ணை நாடு கடத்தினார்.

காரணம் இருந்தது. அரசிக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் இறந்துபோனாள். நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். சில நாளில் அரசர் முரசு அறைவித்தார்: "இனி அந்த எண்ணை யாரும் சொல்லக் கூடாது. சொன்னவர் எல்லை தாண்டிப் போக வேண்டும்."

மக்கள் பழகிக்கொண்டார்கள். கடையில் "மூணும் ஒண்ணும் வாழைக்காய் குடுங்க" என்றார்கள். மூன்றாம் தெருவுக்கு அடுத்தது ஐந்தாம் தெரு ஆனது. எட்டு மாதம் ஓடியது.

இளவரசி வடிவுக்கு மட்டும் பழகவில்லை.

"வெள்ளிக்கிழமை எனக்குப் பிறந்தநாள். இந்த வருஷமும் மூணு வயசுதானாம்," என்று விகடகவி தாண்டவனிடம் வந்து சொன்னாள். அரசரைச் சிரிக்க வைப்பது தாண்டவனின் வேலை. எட்டு மாதமாக அவனுக்கு வேலை இல்லை.

"மூணும் நல்ல வயசுதானே, தாயி?"

"இல்ல. அடுத்த வயசு வந்ததும் அப்பா குதிரையில என்னை முன்னால உக்கார வெச்சுக்குவார்னு அம்மா சொன்னாங்க. இப்ப அப்பா என்னைப் பாக்கவே வர்றதில்ல."

தாண்டவன் அவள் மூக்கைத் துடைத்துவிட்டான். "வெள்ளிக்கிழமை தலை பின்னிக்கிட்டுத் தயாரா இருங்க," என்றான்.

வெள்ளிக்கிழமை சபை கூடியது. தாண்டவன் வணங்கினான்.

"அரசே, இன்று இளவரசிக்குப் பிறந்தநாள். படம் வரைய ஒரு குயர் தாள், விளையாட ஒரு ஸ்கொயர் பலகை, தின்னப் பலாப்பழத்தில் ஒரு குவார்ட்டர் வேண்டும்."

"இவை என்ன சொற்கள்?"

"துறைமுகத்து வெள்ளைக்காரர்கள் பேசுபவை, அரசே. அர்த்தம் துபாஷியாரைக் கேட்க வேண்டும்."

துபாஷி கஸ்தூரிராயர் வெள்ளைக்காரர் பேச்சை அரசருக்கு மொழிபெயர்ப்பவர். தம்மைப் பார்த்து அரசர் ஒருநாளும் சிரித்ததில்லை என்பது அவருடைய நெடுநாள் வயிற்றெரிச்சல். துள்ளி எழுந்தார்.

"அரசே, இவன் தங்களை ஏமாற்றுகிறான்! குயர் என்றால் நாலு தாளை மடித்துச் சேர்த்தது. ஸ்கொயருக்கு நாலு பக்கம். குவார்ட்டர் என்பது நாலில் ஒரு பங்கு. எல்லாமே லத்தீன் மொழியில் நாலு என்ற வேரிலிருந்து முளைத்தவை!"

தாண்டவன் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தான்.

"அந்தச் சொல் என் வாயிலிருந்து வரவில்லை, அரசே. யார் வாயிலிருந்து வந்தது என்பதைச் சபையே காதால் கேட்டது."

"அது விளக்கம்!" என்று அலறினார் துபாஷி.

"ஒருமுறை என்றால் விளக்கம். எத்தனை முறை என்று விசாரியுங்கள்."

"எத்தனை முறை?" என்றார் அரசர். மந்திரி தரையைப் பார்த்தார். சேனாபதி கூரையைப் பார்த்தார். "கேட்பது காதில் விழவில்லையா? நானே எண்ணினேன். நாலு முறை!"

கூரை இடிந்து விழவில்லை. அரசர் தம் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வலிக்கிறதா, அரசே?" என்று மெதுவாகக் கேட்டான் தாண்டவன்.

"வலிக்கிறது."

"சொல்லாமல் இருந்தபோது?"

அரசர் உதட்டிலிருந்து கையை எடுத்தார். "அப்போதும்," என்றார்.

தாண்டவன் துபாஷியிடம் திரும்பினான். "ஐயா, குவாரன்டைன் என்றால் என்ன?"

"நோய் கண்ட கப்பலை நாற்பது நாள் கரைக்கு விடாமல் நிறுத்துவது. அதற்கும் அதே வேர்..." துபாஷி வாயைப் பொத்திக்கொண்டார்.

"நாற்பது நாள் கழிந்தால் கப்பலைக்கூட விட்டுவிடுகிறார்கள், அரசே. தாங்கள் எட்டு மாதமாகக் கடலிலேயே நிற்கிறீர்கள். கரையில் ஒரு குழந்தை தலை பின்னிக்கொண்டு காத்திருக்கிறாள். அவளுக்கு இன்று நாலு வயது."

அரசர் முகத்தை மூடிக்கொண்டார். துபாஷி தாண்டவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படியானால் என்னை நாடு கடத்துவார்களா?" என்றார்.

"கவலைப்படாதீர்கள். அரசரும் சொல்லிவிட்டார், நானும் சொல்லிவிட்டேன். ஒரே வண்டியில் போய்விடலாம். மூன்று பேர்தான், சட்டத்துக்கு உட்பட்ட எண்."

மூடிய கைகளுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சபை நினைத்தது. சிரிப்பு. எட்டு மாதம் பூட்டிக் கிடந்த கதவுபோல அது கிறீச்சிட்டுத் திறந்தது.

ஆணை அப்போதே ரத்தானது. அதுவரை நின்றுகொண்டே பேசிய தாண்டவனுக்கு அரசர் சபையில் ஓர் இருக்கை பரிசளித்தார். "இது நாற்காலி," என்று அதன் பெயரையும் சத்தமாகச் சொன்னார்.

மாலையில் குதிரைமேல் அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வடிவு, குனிந்து குதிரையின் கால்களை எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." நிறுத்திவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லும்மா," என்றார் அரசர்.