பிரித்துக் கட்டிய கூடு

ஏரிக்கரையில் ஓர் இலுப்பை மரம். அதில் இரண்டு அணில்கள் குடியிருந்தன. மனைவி பெயர் முத்தரசி. கணவன் பெயர் சடையன்.

முத்தரசிக்குக் கைவேலை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். தேங்காய் நாரைப் பல்லால் சீவிச் சீவி, தலைமுடி போல மெல்லியதாக்கிப் பின்னுவாள். இலவம்பஞ்சில் விதையை எடுத்துவிட்டு, தட்டித் தட்டி மெத்தை போடுவாள். கரையில் யாரோ விட்டுப்போன கோணிச்சாக்கில் நாலு பிரி இழுத்து வந்தால் போதும், மறுநாள் அது வாசலில் திரையாகத் தொங்கும். அதே மரத்தில் காக்கைகளும் கூடு கட்டியிருந்தன. முத்தரசியின் கூட்டைப் பார்த்துவிட்டுத் தங்கள் கூட்டுக்குப் போனால் அவற்றுக்கே ஒரு மாதிரி இருக்கும்.

சடையனுக்கும் கைவேலையில் ஆசை உண்டு. ஆசை நிறையவே உண்டு. கைதான் கொஞ்சம் கோணல்!

முத்தரசி குட்டி போடப் போகிறாள் என்று தெரிந்ததும் சடையன் ஓர் இடத்தில் நிற்கவில்லை. கிளைக்குக் கிளை தாவினான்.

"இந்தத் தடவை கூட்டுல ஒரு சுவர் நான்தான் கட்டுவேன்!" என்றான்.

"கட்டுங்களேன்! யாரு வேண்டாம்னா?" என்றாள் முத்தரசி.

காலையில் தொடங்கியவன் சாயங்காலம்வரை ஓயவில்லை. மேற்குச் சுவர் எழும்பியது. நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. ஓரங்களில் நார் சிலிர்த்துக்கொண்டு கிடந்தது. ஆனால் கெட்டியான சுவர். சடையன் இரண்டு அடி தள்ளிப்போய் நின்று பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு மனைவிக்குப் பிடித்த அத்திப்பழம் பறிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது அந்தச் சுவர் இல்லை. அந்த இடத்தில் வழுவழுவென்று வேறொரு சுவர் இருந்தது.

"என் சுவர் எங்கே?"

"அதுதாங்க இது! ஒரு பக்கம் துருத்திக்கிட்டு இருந்தது. லேசா சரிபண்ணலாம்னு ஒரு நாரை இழுத்தேன். மொத்தமும் கையோட வந்துடுச்சு. அதான் நானே திரும்பக் கட்டிட்டேன்."

"மொத்தமுமா?"

"நார் என்னவோ நீங்க கொண்டுவந்ததுதானே!"

சடையன் சிரித்துவிட்டான். சுவர் உண்மையிலேயே அழகாக இருந்தது. அழகாக இருக்கிற ஒன்றைப் பார்த்து எப்படிக் கோபப்படுவது? பழத்தை அவளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மூன்று குட்டிகள் பிறந்தன. சுண்டுவிரல் அளவுதான் இருந்தன. கண் திறக்கவில்லை.

சடையன் வாகை மரத்துக்கு ஓடினான். காய்ந்த நெற்று ஒன்றைக் கடித்துக் கொண்டுவந்தான். உள்ளே விதைகள் உருளும் நெற்று. காம்பைச் சுற்றி நாரைக் கட்டி, குட்டிகளுக்கு மேலே தொங்கவிட்டான். காற்று வந்ததும் அது கலகலவென்றது. மூன்று குட்டிகளும் சத்தம் வந்த பக்கம் மூக்கைத் திருப்பின.

"முத்தரசி, பார்த்தியா! கிலுகிலுப்பை! அதுங்களுக்குக் கேட்குது!" என்று குதித்தான் சடையன்.

மறுநாள் அங்கே மூன்று நெற்றுகள் தொங்கின. ஒரே அளவு, ஒரே நிறம். சிவப்பு நூலில் வரிசையாகக் கட்டியிருந்தது. சடையன் தொங்கவிட்ட நெற்றைக் காணவில்லை.

"ஒண்ணு போதுமாங்க? அதுவும் ஓரமெல்லாம் கடிச்சுக் குதறி வெச்சிருந்தீங்க. இப்ப பாருங்க எப்படி இருக்குன்னு!" என்றாள் முத்தரசி.

"நல்லா இருக்கு" என்றான் சடையன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. முத்தரசி அதைக் கவனிக்கவில்லை. அவள் கண் நூலின் முடிச்சில் இருந்தது.

குட்டிகளைப் பார்க்க மைனா வந்தது. கூட்டை உள்ளும் புறமும் பார்த்துவிட்டு இறக்கையை அடித்துக்கொண்டது.

"அடேயப்பா! திரை என்ன, மெத்தை என்ன, கிலுகிலுப்பை என்ன! இதெல்லாம் உன் கையா, முத்தரசி?"

"எல்லாம் என் கைதான் அக்கா!"

சடையன் பக்கத்துக் கிளையில்தான் இருந்தான். அவன் காதிலும் விழுந்தது. முத்தரசி பொய் சொல்லவில்லை. அந்தக் கூட்டில் அவன் கை பட்ட இடம் ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை.

அன்றிலிருந்து சடையன் எதற்கெடுத்தாலும் முத்தரசியைக் கேட்கத் தொடங்கினான்.

"இந்தப் பஞ்சை எங்கே வைக்கட்டும்?"

"இந்த இலையை நேரா வைக்கட்டுமா, குறுக்கா வைக்கட்டுமா?"

முத்தரசிக்கு இது மிகவும் பிடித்திருந்தது. "இப்பத்தான் அக்கா அவருக்கு வேலை பிடிபடுது! என்னைக் கேட்காம ஒரு நாரை நகர்த்த மாட்டார்!" என்று மைனாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். அப்போது அது அவளுக்குப் பெருமையாகத்தான் பட்டது. பாவம், அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

சடையனும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "நான் செய்ததைப் பிரிக்காதே, எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்று வாய் திறந்து சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

ஆனாலும் அவன் ஆசை முழுசாகப் போய்விடவில்லை. கடைசியாக ஒருமுறை எட்டிப் பார்த்தது.

இலுப்பை மரத்துக்குப் பக்கத்தில் ஒரு புளியமரம். அதில் ஒரு பொந்து இருந்தது. அணில்கள் எப்போதும் ஒரு கூடு போதும் என்று இருப்பதில்லை. ஒன்றுக்கு ஆபத்து என்றால் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போக இன்னொன்று வேண்டும். ஐப்பசி மழை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. சடையன் யாருக்கும் தெரியாமல் அந்தப் பொந்தில் வேலையைத் தொடங்கினான். பஞ்சு கொண்டுவந்தான், நார் கொண்டுவந்தான். ஒன்பது நாள் வேலை செய்தான்.

பத்தாம் நாள் முத்தரசியை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினான்.

மெத்தை ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். வாசலில் வைத்த நார் தாடி மாதிரி தொங்கியது. முத்தரசிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றாள்.

சடையன் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினான்.

இரண்டு நாள் கழித்துப் புளியமரத்துக்குப் போனான். பொந்து காலியாக இருந்தது. வெறும் மரக்கட்டைதான் தெரிந்தது.

"குட்டிங்க மெத்தைக்கு ஓரம் பத்தலைங்க. அங்கே பஞ்சும் நாரும் சும்மாதானே கிடக்குதுன்னு எடுத்துட்டு வந்தேன். எப்படியும் அதைப் பிரிச்சுத்தான் கட்டணும். மழைக்கு முன்னாடி நானே போய் அழகாக் கட்டிடறேன்!" என்றாள் முத்தரசி.

"சரி" என்றான் சடையன்.

அவள் கட்டத்தான் நினைத்தாள். ஆனால் குட்டிகளுக்குப் பால் கொடுக்கவும், திரையில் ஓர் ஓரம் பின்னவும் நேரம் சரியாக இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள்.

இலுப்பை மரத்தின் அடியில் ஓர் ஓணான் இருந்தது. சடையனின் நண்பன். அது தலையை ஆட்டிக்கொண்டே கேட்டது: "டேய் சடையா! நீ ஏன்டா இப்பல்லாம் சும்மாவே உட்கார்ந்திருக்கே?"

"நான் செஞ்சா அவ பிரிப்பா. அப்புறம் அவளே செய்வா. எதுக்கு ரெண்டு வேலை? நேரா அவளே செஞ்சுட்டுப் போகட்டும்."

ஓணான் மறுபடியும் தலையை ஆட்டியது.

ஐப்பசியில் ஒரு நாள். மதியம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. முத்தரசி இரை தேட ஏரியின் அக்கரைக்குப் போயிருந்தாள். சடையன் குட்டிகளுக்குக் காவல்.

திடீரென்று வானம் இருண்டது. காற்று சுழன்று அடித்தது. மழை சடசடவென்று இறங்கியது. முத்தரசியின் அழகான திரை முதல் காற்றிலேயே பிய்த்துக்கொண்டு பறந்தது. கூரையில் ஓர் இடத்தில் தண்ணீர் ஒழுகியது.

சடையன் ஒரு பிடி நாரை எடுத்து ஒழுகிய இடத்தில் அடைத்தான். ஒழுக்கு நின்றது. அதை நிமிர்ந்து பார்த்தான். அசிங்கமாகத் துருத்திக்கொண்டு நின்றது. அவளுக்குப் பிடிக்காது என்று நினைத்தான். மெல்லப் பிடுங்கினான். மறுபடி ஒழுகியது. மறுபடி அடைத்தான். மறுபடி பிடுங்கினான்.

இதைச் சொல்லும்போது எனக்கே மனது கஷ்டமாக இருக்கிறது.

கிளை கிறீச்சென்றது. கூடு ஒரு பக்கம் சாய்ந்தது.

ஓணான் கீழேயிருந்து கத்தியது: "சடையா! கிளை முறியப் போகுதுடா! குட்டிங்களைப் புளியமரத்துப் பொந்துக்குத் தூக்கிட்டுப் போ! அங்கே ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்லை!"

"அங்கே மெத்தையே இல்லையே! வெறும் கட்டைல எப்படி வைக்கிறது?"

"நீ ஏதாவது போடேன்டா!"

"நான் போட்டா சரியா வராது. அவ இப்ப வந்துடுவா. அவ வந்து சொல்லட்டும்!"

"அடப்பாவி! சரியா வராட்டிப் போகுது! தூக்குடா!"

சடையன் ஒரு குட்டியை வாயில் கவ்வினான். வாசல்வரை வந்தான். புளியமரத்தைப் பார்த்தான். அக்கரையைப் பார்த்தான். திரும்பிப் போய்க் குட்டியை இருந்த இடத்திலேயே வைத்தான்.

மழைக்குள்ளிருந்து முத்தரசி ஓடிவந்தாள். உடம்பெல்லாம் சேறு. மூச்சு வாங்கியது. சாய்ந்து தொங்கும் கூட்டைப் பார்த்ததும் அலறினாள்.

"தூக்குங்க! பொந்துக்குத் தூக்குங்க!"

அவ்வளவுதான். சொன்னவுடன் சடையன் பாய்ந்தான். வாய்க்கு எட்டிய குட்டியை அவன் கவ்வினான். இன்னொன்றை அவள் கவ்வினாள். இரண்டு பேரும் புளியமரத்துக்கு ஓடினார்கள். குட்டிகளை வெறும் கட்டையில் போட்டுவிட்டுத் திரும்பி ஓடினார்கள்.

பாதி வழியில் பெரிய சத்தம் கேட்டது. இலுப்பைக் கிளை முறிந்து ஏரியில் விழுந்தது. கூடும் அதோடு போனது. நார், பஞ்சு, நெற்று எல்லாம் தண்ணீரில் மிதந்தன. மூன்றாவது குட்டியைக் காணவில்லை. மழை விடும்வரை இருவரும் கரையில் தேடினார்கள். ஓணானும் தேடியது. கிடைக்கவில்லை.

பொந்துக்குத் திரும்பியபோது முத்தரசி கேட்டாள்.

"நான் வர்றதுக்குள்ள மூணையும் தூக்கிட்டு வந்திருக்கலாமே! ஏன் தூக்கலை?"

சடையன் கோபப்படவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. உள்ளதைச் சொன்னான்.

"எப்படி வைக்கிறதுன்னு உன்னைக் கேட்கலாம்னு இருந்தேன்."

அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

இரண்டு குட்டிகளும் குளிரில் நடுங்கின.

"இதுங்களுக்குக் கீழே ஏதாவது போடணும். நீங்களே போடுங்க" என்றாள்.

சடையன் வெளியே போய், நனையாத இடத்தில் கொஞ்சம் மரப்பட்டை உரித்து வந்தான். ஒரு துண்டை வைத்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"இங்கேதானா?"

"எங்கே வேணும்னாலும் வைங்க."

சடையன் அதை எடுத்து வேறு இடத்தில் வைத்தான். "இப்ப சரியா?"

"சரிதாங்க! எல்லாம் சரிதான்! நான் தொட மாட்டேன்!" என்று சொல்லிவிட்டு முத்தரசி ஓவென்று அழுதாள்.

அவன் அதை நம்பவில்லை. மீதிப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் எழுந்து வந்து, தான் வைத்த துண்டை எடுத்துவிட்டு நேராக வைப்பாள் என்று ஒதுங்கி நின்றான். அவள் வரவில்லை. முன்னங்கால்கள் இரண்டையும் வயிற்றுக்கு அடியில் மடக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

அதன் பிறகு எத்தனையோ மழைக்காலம் வந்து போய்விட்டது. மிஞ்சிய குட்டிகள் இரண்டும் வளர்ந்து வேறு மரங்களுக்குப் போய்விட்டன. சடையன் இன்றும் ஒரு நாரைக் கையில் எடுத்தால் முதலில் மனைவியின் முகத்தைத்தான் பார்க்கிறான். முத்தரசி எத்தனையோ கூட்டைப் பிரித்துத் திரும்பக் கட்டியவள். இதை எப்படித் திரும்பக் கட்டுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

நம் வீட்டார் ஆசையோடு செய்ததைக் கோணல் என்று பிரித்துப்போட்டால், நமக்காக எதையும் செய்யத் துணியும் அவர்கள் மனத்தையும் சேர்த்தே பிரித்துப்போட்டு விடுகிறோம்.