விழாத ஒட்டு

சங்குமுனை மீன் ஏலக்கூடத்தில் கூரையைத் தாங்கும் பீமின் ஒரு துண்டு விழுந்து மிக்கேலம்மாள் செத்துப்போனாள். அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் சவரிராயன் தன் குருவை அங்கே கூட்டிக்கொண்டு போனான். ஆறுதலுக்காகப் போனான் என்று நினைத்துவிடாதீர்கள். தன் மேல் குற்றமில்லை என்று அவர் வாயால் கேட்டுவிட வேண்டும், அதற்குத்தான் போனான்.

குரு என்றதும் தாடியும் தண்டமும் தேட வேண்டாம். ஜைனம்பு மேடம் பழைய கான்கிரீட் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் இன்ஜினியர். சவரி அவரைவிட வயதில் மூத்தவன். மேஸ்திரியாக ஊரெல்லாம் கட்டி முடித்துவிட்டு, அவரிடம் வந்து தொழிலை மறுபடி அரிச்சுவடியிலிருந்து படித்தவன். அவன் அவரை மேடம் என்பான், அவர் அவனை அண்ணே என்பார்.

கூடம் பூட்டன் காலத்தது. கரையில் கிடந்த கடல் மணலையே அள்ளிப்போட்டுக் கட்டியிருந்தார்கள். அந்த உப்பு உள்ளே இருந்துகொண்டு கம்பியைத் தின்றுகொண்டிருந்தது. ஆனால் என்ன அழகு! பலகை அடித்து வார்த்தபோது பதிந்த மர ரேகை பீம் முழுக்க அப்படியே இருக்கும். முதல் நாள் அதைத் தடவிப் பார்த்தே கிறங்கிப்போனான் சவரி.

அங்கே மீன் விற்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு இடம் உண்டு. தாய் உட்கார்ந்த இடம் மகளுக்கு. மிக்கேலம்மாளின் இடத்துக்கு மேலே காரை உதிர ஆரம்பித்தது. மண் விழுந்த மீனை எவன் வாங்குவான்? கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வெயிலில் போய் உட்கார்ந்தாள். கட்டடத்தையும் கட்டியவனையும் நாள் முழுக்க வைதாள்.

போன வருடம் அந்தக் கூடத்துக்கு ஒட்டுப்போடும் வேலையை ஜைனம்பு சவரி பொறுப்பில் விட்டார். அவனுக்கு அதுதான் முதல் தனி வேலை. உடைந்த இடங்களை மட்டும் கொத்தினான், துருவைச் சுரண்டினான், புதுக் கலவை வைத்து அடைத்தான். பழைய கான்கிரீட்டில் ஒரு விரலகலம்கூட அதிகமாகத் தொடவில்லை. ஒட்டின் மேலும் பலகையை அழுத்தி மர ரேகை எழுப்பினான். எது பழசு, எது புதுசு என்று பூசியவனே தட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்படி ஒரு வேலை.

காரை உதிர்வது நின்றது. அப்போதும் மிக்கேலம்மாள் உள்ளே வரத் தயங்கினாள். அவள் கூடையைச் சவரியே தூக்கிக்கொண்டு போய் அவள் இடத்தில் வைத்தான்.

"உங்க அம்மை இருந்த இடத்துல இனி தைரியமா இருங்க" என்றான்.

பாவி மனுஷி, நம்பி உட்கார்ந்தாள்.

இப்போது அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஏலம் நடந்துகொண்டிருந்தது. செத்தவளுக்காக மீன் காத்திருக்குமா? பெண்கள் வரிசையாக அவரவர் தாயின் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

சவரி மேலே கை காட்டினான்.

"பாருங்க மேடம். என் ஒட்டு அப்படியே நிக்குது. விழுந்தது அதுக்குப் பக்கத்துத் துண்டு. நான் தொடாத துண்டு."

"ஆமா."

"அப்போ என் வேலையில குத்தம் இல்லைதானே?"

ஜைனம்பு ஆட்களை விட்டுப் பீமுக்குக் கீழே முட்டுக் கொடுக்க வைத்தார். ஏணி கேட்டார். ஏறிப்போய், விழாமல் நின்ற ஒட்டை உளியால் கொத்த ஆரம்பித்தார்.

"ஏறி வாங்க அண்ணே. கம்பி எப்படி இருக்கு?"

"பளபளன்னு இருக்கு மேடம்." அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. என்ன செய்வது, மனுஷன்தானே.

"இந்தப் பக்கம் தொடுங்க."

துண்டு விழுந்த பக்கம் அவன் விரலை வைத்தான். கம்பி ஏடு ஏடாக உதிர்ந்து அவன் கையில் வந்தது.

"ரெண்டும் வேற வேற கம்பியா?"

"ஒரே கம்பிதான்."

"உப்பு ஊறின கம்பியில ஒரு துண்டை மட்டும் புதுசாக்கினா, துரு பக்கத்துக்கு நகர்ந்து முன்னைவிட வேகமாத் தின்னும். சொல்லியிருந்தேனே. துரு தெரியுற இடத்தையும் தாண்டி, நல்ல கம்பி வர்ற வரைக்கும் கொத்துங்கன்னு."

"கொத்தினா பழசு போயிடுமே மேடம்! அந்த ரேகை இனி யாருக்கு வரும்? அதைக் காப்பாத்தத்தானே நம்மளைக் கூப்பிட்டாங்க?"

"காப்பாத்திட்டீங்களே."

சவரி ஏணியைப் பிடித்துக்கொண்டு அழுதான். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லை. ஜைனம்பு அவனைத் தேற்றவில்லை.

"வேலை முடிஞ்சதும் நானும் வந்து பார்த்தேன்" என்றார். "ரேகையைப் பார்த்தேன். தட்டிப் பார்க்கலை."

இருவரும் இறங்கினார்கள். ஏலக்காரன் கத்திக்கொண்டிருந்தான்.

"மிச்ச ஒட்டெல்லாம் எப்படி இருக்கு?"

"எல்லாம் நல்லா இருக்கு மேடம். ஒண்ணுலயும் ஒரு கீறல்கூட..." சொல்லிக்கொண்டே வந்தவனுக்குப் பாதியில் குரல் இறங்கிவிட்டது.

ஜைனம்பு அந்த ஒட்டுகளுக்குக் கீழே பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தார்.

"முன்னெல்லாம் மண் கொட்டும். திட்டிக்கிட்டே எந்திரிச்சு வெயிலுக்குப் போயிடுவாங்க. இப்போ எதைப் பார்த்து எந்திரிப்பாங்க, அண்ணே?"

சவரி கயிற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தான். முதலில் இருந்தவளின் கூடையை அப்படியே மீனோடு தூக்கினான். வாசலைப் பார்த்து நடந்தான்.

"ஏ சவரி! கிறுக்குப் பிடிச்சிருக்கா? வெயில்ல மீனு நாறிப்போவும்ல!" அவள் பின்னாலேயே வைதுகொண்டு ஓடினாள்.

அவன் கூடையை வெயிலில் இறக்கி வைத்துவிட்டு, அடுத்ததைத் தூக்க உள்ளே வந்தான்.