இணைப்பைத் துண்டித்தவர்

சோளிங்கர் மலையடிவாரத்தில் ஒரு சிறிய மடம். நீலாம்பிகை அம்மையார் அங்கே குருவாக இருந்தார். அவருடைய சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். தணிகாசலமும் அப்படித்தான். அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் புகழேந்தி லாரி மோதி இறந்துபோனான். காரியம் முடிந்த கையோடு தணிகாசலம் மடத்தில் வந்து தங்கிவிட்டார். மனைவி கோமளவல்லி வீட்டில் தனியாக இருந்தாள்.

ஒருநாள் காலை அவர் குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“அம்மா, ஒரு கேள்வி.”

“கேளுங்க.”

“பற்றை அறுக்கணும்னு சொல்றீங்க. என் வீட்டுக்காரியோட பற்றை நானே அறுத்துவிட்டேன். அவ உடைஞ்சு போயிட்டா. அறுத்தது தப்பா, அறுத்த விதம் தப்பா?”

“எதை அறுத்தீங்க?”

தணிகாசலம் சொன்னார். சில வாரங்களுக்கு முன் வீட்டுக்குப் போயிருந்தார். சாயங்காலமானதும் கோமளவல்லி மகனுடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கம்ப்யூட்டர் வெளிச்சம் கதவிடுக்கில் தெரிந்தது. ஏதோ குரல் மெல்லக் கேட்டது. மறுநாளும் அப்படியே. மகனுடைய வீடியோவை நெட்டில் போட்டுப் பார்த்து அழுகிறாள் என்று நினைத்தார். விட்டால் புத்தி பேதலித்துவிடும் என்று பயந்தார். இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்து பிராட்பேண்டை நிறுத்தச் சொன்னார். அவர்கள் கொடுத்திருந்த மோடத்தைக் கழற்றித் தாமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மடத்துக்குத் திரும்பினார்.

“அவங்க என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லலை. நான் கழற்றும்போது பார்த்துக்கிட்டு நின்னா.”

“இப்போ?”

“அடுப்பே மூட்டறதில்லையாம். பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணினார். அவங்க கொடுக்கற சாப்பாடும் அப்படியே திரும்பி வருதாம்.”

அம்மையார் எழுந்து துணிப்பையை எடுத்துக்கொண்டார்.

“வாங்க. ஒரு மோடம் வாங்கணும்.”

“அம்மா, திரும்பவும் அவ அந்த அறையிலேயே...”

“கம்பெனிக்குப் போன் பண்ணுங்க.”

கம்பெனியில் லைன் இன்னும் இருப்பதாகச் சொன்னார்கள். மறுபடியும் திறந்துவிடலாம், ஆனால் மோடத்தை நீங்களே வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும் என்றார்கள். பாஸ்வேர்டு பதிவான நம்பருக்கு வரும் என்றார்கள்.

இருவரும் பஸ் ஏறினார்கள். அரக்கோணம் கடைத்தெருவில் மோடம் வாங்கினார்கள்.

வீடு திறந்தே கிடந்தது. கோமளவல்லி உள்ளறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தோள் எலும்பு ரவிக்கைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பழையபடி சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

அம்மையார் புகழேந்தியின் அறையில் தரையில் உட்கார்ந்து, மோடப் பெட்டிக்குள் இருந்த காகிதத்தை வாசித்தார். தணிகாசலம் மோடத்தை மாட்டினார். மெல்லிய மஞ்சள் வயரைச் செருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

“சரியா உட்காரலை. எடுத்துட்டு மறுபடியும் போடுங்க.”

எடுத்துப் போட்டார். கிளிக்கென்று சத்தம் கேட்டது. சிவப்பு அணைந்து பச்சை சிமிட்டத் தொடங்கியது. மோடத்தின் அடியில் இருந்த எண்ணைக் கம்பெனிக்குப் போனில் சொன்னார். கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு கேட்கும் பக்கம் வந்ததும் அவர் கை நின்றுவிட்டது.

“என்ன?” என்றார் குரு.

“இணைப்பு புகழேந்தி பேர்ல இருக்கு. பதிவான நம்பர் அவனோடது.”

“அந்தப் போன் எங்கே?”

“அவகிட்ட.”

“போய்க் கேளுங்க.”

தணிகாசலம் உள்ளறை வாசலில் போய் நின்றார். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மகன் போனதிலிருந்து அவளை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“கோமளா. புகழோட போன்ல ஒரு மெசேஜ் வந்திருக்கும்.”

அவள் எழுந்து உட்கார்ந்தாள். தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள். அதில் நெட் இல்லை. ஆனாலும் ரீசார்ஜ் செய்து அந்த நம்பரை அவள் சாகவிடாமல் வைத்திருந்தாள். ஒவ்வொரு எழுத்தாக, தண்ணீர் காணாத தொண்டையால் வாசித்தாள். அவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

பச்சை விளக்கு சிமிட்டாமல் நின்றது. திரையில் பாதியில் நின்றுபோயிருந்த வீடியோ ஒன்று தானாக ஓடத் தொடங்கியது.

மடத்தின் மாலைப் பிரார்த்தனை அது. தினமும் போனில் எடுத்து யூடியூபில் போடுவார்கள். நடுவில் அம்மையார் உட்கார்ந்து பற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். திரையின் ஓரத்தில், தூணை ஒட்டி, முதுகு வளைந்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். தணிகாசலம் அது தாம்தான் என்று புரிந்துகொள்ளச் சற்று நேரமாயிற்று.

கோமளவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றாள்.

“இதையா பார்த்துட்டிருந்தே?”

“ஆமா.”

“புகழோட வீடியோன்னு நினைச்சேன்.”

“அவனைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. உங்களைத்தான் பார்ப்பேன். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களான்னு முகத்தைப் பார்த்தா தெரியும். அதுக்கப்புறம் நான் சாப்பிடுவேன். வீட்டுக்கு வந்தப்பவும் நீங்க என் முகத்தைப் பார்க்கலை, அதனால அதுலயே பார்த்துக்கிட்டேன்.”

திரையில் அம்மையார் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். தரையில் இருந்த அம்மையார் கை நீட்டித் தம் குரலை நிறுத்தினார்.

“இப்ப சரியாயிடுச்சு கோமளா. இனிமே தினமும் பார்க்கலாம்.”

அவள் “வேண்டாம்” என்றாள்.

“ஏன்?”

“அன்னைக்கு அதைக் கழற்றிப் பையில போட்டு ஜிப்பை இழுத்தீங்க. என்ன பார்க்கறேன்னு ஒரு வார்த்தை கேக்கலை. பஸ் ஏறிப் போயிட்டீங்க. நீங்களும் போயிட்டீங்கன்னு அன்னைக்கே மனசைத் தேத்திக்கிட்டேன். திரும்பவும் ஒரு தடவை என்னால முடியாது.”

அவள் உள்ளறைக்குப் போனாள். கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் எழுதிய எழுத்துகள் வியர்வையில் கலைந்துபோயிருந்தன.

“அம்மா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாது. பலர் பார்க்கறாங்கன்னு மடத்துல சொல்வாங்க. யாரு, எதுக்குன்னு நான் கேட்டதே இல்லை.”

அம்மையார் காகிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். முகத்தில் எந்த அமைதியும் இல்லை.

“இப்ப நான் என்ன செய்யட்டும்?”

“கதவைத் தட்டுங்க.”

“திறக்கலைன்னா? நாலு மணி பஸ்ஸை விட்டா மடத்துக்குப் போய்ச் சேர இருட்டிடும்.”

அம்மையார் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினார்.

“அந்தப் பஸ் எனக்கு. கதவு திறக்கற வரைக்கும் உங்களுக்கு வேற எங்கே வேலை இருக்கு?”