வளையக் கூடாத அம்பு

கோவிலாங்காட்டை ஆண்ட சொக்கலிங்க பூபதி நல்லவர். வழக்கு வந்தால் பொறுமையாகக் கேட்பார். விருந்து வைத்தால் வயிறாரப் போடுவார். அம்பு விட்டால் மட்டும் அது இடப்பக்கம் போய்விடும்.

இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல ஆள் கிடையாது. விஜயதசமி வந்தால் மறைக்கவும் வழி கிடையாது. அன்றைக்குக் கோவில் மைதானத்தில் வாழைமரம் நட்டு, ஊரே கூடி நிற்க, அரசர் அதன்மேல் அம்பு போட வேண்டும். போன வருஷம் அம்பு வாழையை விட்டுவிட்டு மோர்ப்பந்தலுக்குப் போய்ப் பானையை உடைத்தது. கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பூபதியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

இந்த வருஷம் மாமனார் வேறு வருகிறார். வில் வித்தையில் பேர்போன மனிதர்.

பூபதி தம் படைத்தலைவரான தளவாய் மூக்கப்பரைக் கூப்பிட்டார். "அம்பு ஏன் ஐயா விலகுகிறது?"

"அம்பு நோஞ்சான், மகாராஜா. உங்கள் கைவேகம் தாங்காமல் வளைந்துவிடுகிறது. தடிப்பாகச் செய்யச் சொல்லுங்கள்."

அரண்மனைக்கு அம்பு செய்யும் குருந்தன் தடிப்பாகச் செய்தான். அது இன்னும் இடப்பக்கம் போனது. "இதுவும் போதாது" என்றார் தளவாய். குருந்தன் உலக்கைக்குத் தம்பி மாதிரி ஒன்று செய்து கொடுத்தான். அது குதிரை லாயத்துக்கே போய்விட்டது.

பூபதிக்குக் கோபம் வந்தது. "எனக்கு மயிரிழைகூட வளையாத அம்பு வேண்டும். விஜயதசமியன்று அது நேராகப் போகாவிட்டால், குருந்தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான்."

குருந்தன் தெய்வச்சிலை என்பவரிடம் ஓடினான். தெய்வச்சிலைக்குச் சபையில் என்ன உத்தியோகம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் அவர் வராத நாளில் மகாராஜாவுக்குப் பேச்சே பிடிக்காது. சபை சீக்கிரம் கலைந்துவிடும்.

"மகாராஜாவின் வில் எங்கே?" என்று கேட்டார் தெய்வச்சிலை.

"என்னிடம்தான் இருக்கிறது ஐயா. ஆயுத பூஜைக்குத் துடைத்து எண்ணெய் போட அனுப்பியிருக்கிறார்கள்."

"அப்படியானால் வா, அதையே கேட்டுவிடலாம்."

குருந்தன் வீட்டுக் கொல்லையில் வைக்கோல் போர் இருந்தது. தெய்வச்சிலை தடித்த அம்பின் பக்கவாட்டில் மஞ்சளைக் குழைத்துப் பூசி, போரைக் குறிபார்த்து விட்டார். அம்பு இடப்பக்கத்துப் பூசணிக்கொடிக்குள் போய் விழுந்தது. அவர் அதைத் தேடவில்லை. வில்லின் கைப்பிடியைத் திருப்பிக் காட்டினார். அங்கே மஞ்சள் அப்பியிருந்தது.

"பார்த்தாயா? கைப்பிடியில் இடித்துக்கொண்டு போகிறது. தடியனுக்கு ஒதுங்கிப் போகத் தெரியவில்லை. நீ சீவு."

"எவ்வளவு சீவட்டும் ஐயா?"

"கைப்பிடியில் மஞ்சள் ஒட்டாமல் போகிற வரைக்கும்."

குருந்தன் மூங்கிலைச் சீவினான், தெய்வச்சிலை விட்டார், மறுபடி சீவினான். மஞ்சள் கறை குறையக் குறைய அம்பு போரின் நடுவுக்கு நகர்ந்து வந்தது. ஆனாலும் பறக்கும்போது வால் மேலும் கீழும் ஆடியது. நாணில் அம்பைப் பொருத்தும் இடத்தைக் குருந்தன் கொஞ்சம் ஏற்றி, அங்கே நூலைச் சுற்றி அடையாளம் வைத்தான். அடுத்த அம்பு ஆடாமல் அசையாமல் போய் நடுப்போரில் பதிந்தது. கைப்பிடியில் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை.

குருந்தன் முகம் மலர்ந்தது. உடனே வாடியும் போனது. "ஐயா, இது வளைகிறதே. உத்தரவு அப்படி இல்லையே."

"உத்தரவை என்னிடம் விடு. நீ போய் நிம்மதியாகச் சாப்பிடு."

விஜயதசமியன்று மைதானத்தில் எள் போட இடமில்லை. மாமனார் முன்வரிசையில் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மோர்ப்பந்தல்காரர்கள் பானைகளை முன்கூட்டியே வலப்பக்கம் மாற்றி வைத்திருந்தார்கள். குருந்தன் மனைவி மூட்டை கட்டி வைத்துவிட்டே வந்திருந்தாள்.

தெய்வச்சிலை அம்பை நீட்டினார். பூபதி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன இது, இலேசாக இருக்கிறது?" என்று மெல்லக் கேட்டார்.

"நவராத்திரி விரதம், மகாராஜா. கொஞ்சம் இளைத்திருக்கிறது."

மாமனார் பார்த்துக்கொண்டிருந்ததால் மேற்கொண்டு கேட்க முடியவில்லை. பூபதி நாணை இழுத்து விட்டார். பழக்கதோஷம், கூட்டம் முழுவதும் இடப்பக்கம் திரும்பியது. அம்பு வாழைத்தண்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஜனங்களுக்குச் சற்று நேரமாயிற்று. பிறகு எழுந்த ஆரவாரத்தில் கோவில் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன.

தளவாய்க்கு மட்டும் மனசு ஆறவில்லை. வாழைமரத்திடம் போய் அம்பைப் பிடுங்கி வந்தார். எல்லோரும் பார்க்க அதன் இரு முனைகளையும் பிடித்து அழுத்தினார். அது நாணல் மாதிரி வளைந்தது.

"பாருங்கள் மகாராஜா. வளையவே கூடாது என்பது உங்கள் உத்தரவு. தெய்வச்சிலையும் குருந்தனும் அதை மீறிவிட்டார்கள்."

பூபதியின் சிரிப்பு நின்றது. "என்ன தெய்வச்சிலை?"

"உண்மைதான் மகாராஜா. வில்லின் கைப்பிடி அம்புக்குக் குறுக்கே நிற்கிறது. தடித்த அம்பு அதோடு மல்லுக்கட்டிக் கோணிக்கொண்டு போகிறது. இது கொஞ்சம் நெளிந்து அதைக் கடந்து, தன் வழியே போய்விடுகிறது."

"வளைந்தால்தான் நேராகப் போகுமா? இது எந்த ஊர் நியாயம்?"

"நம் ஊர் நியாயம்தான், மகாராஜா. உங்கள் முன்னால் வளையாமல் நின்று, வந்த காரியத்தை நேராக முடித்துக்கொண்டு போனவர் ஒருவர் இருந்தால் காட்டுங்கள்."

சபையார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குனிந்தபடி அம்பை நீட்டிக்கொண்டிருந்த தளவாய் மெதுவாக நிமிர்ந்தார். முதலில் சிரித்தவர் மாமனார். பிறகு பூபதியும் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகுதான் ஊர் தைரியமாகச் சிரித்தது.

சிரித்து ஓய்ந்ததும் பூபதி பட்டுப் பரிவட்டம் கொண்டுவரச் சொன்னார். குருந்தனைக் கூப்பிட்டு, அவன் தலையில் தம் கையாலேயே அதைக் கட்டினார். குருந்தன் குட்டையான ஆள். அதனால் மகாராஜாதான் கொஞ்சம் வளைய வேண்டியிருந்தது.