கிழித்த பதினொரு தாள்கள்

அருளம்மைக்கு வயது நாற்பத்தொன்று. அவரைக் குருவாக ஏற்றுக்கொண்ட தில்லைநாயகத்துக்கு அறுபத்திரண்டு. தென்காசிக்கு மேற்கே, வாய்க்காலை ஒட்டிய ஓர் ஓட்டு வீட்டில் ஞாயிறுதோறும் நாலைந்து பேர் அந்த அம்மாள் முன்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவுதான் பாடம். ஆறு வருஷமாக வந்தும் தில்லைநாயகத்துக்கு அந்தப் பேசாமல் இருப்பது மட்டும் கைகூடவில்லை. அருளம்மை அவரை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். சீடரை அண்ணாச்சி என்று கூப்பிடும் குரு வேறெங்கும் உண்டா என்று தெரியாது.

அன்று வியாழக்கிழமை. தில்லைநாயகம் காலை எட்டரைக்கே வந்து நின்றார். அருளம்மை மம்பட்டியும் கையுமாக வாழைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, கிழமை மறந்து போச்சா?"

"மறக்கலம்மா. ஒரு கேள்வி இருக்கு. பதினோரு நாளை எப்படிம்மா கடக்குறது?"

அருளம்மை மடையை அடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

விஷயம் அவருக்குத் தெரியும். போன வாரம் தில்லைநாயகத்தின் மனைவி செண்பகவல்லிக்கு மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். உடம்பில் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்கேன். அதற்குப் பதினாறாம் தேதி, திங்கட்கிழமைதான் இடம் கிடைத்தது. இன்று ஐந்து.

"விடிஞ்சா ஒரு நாள் கடந்துரும். நீங்க எப்படிக் கடக்கீங்க?"

"நானா?" தில்லைநாயகம் கொஞ்சம் தயங்கினார். "காலண்டர்ல பதினாறு வரைக்கும் கிழிச்சிட்டேம்மா."

"என்னது?"

முப்பத்துநாலு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் அவர். பாதி நாள் எக்ஸ்பிரஸ் நிற்காத சின்ன ஸ்டேஷன்கள்தான். வண்டி வருமுன்பே பாதையைக் காலிசெய்து வைத்து, பச்சைக்கொடி காட்டி அனுப்பிப் பழகிய கை. இன்று காலை நேற்றைய தாளைக் கிழிக்கப் போனவர், நான்காம் தேதியோடு நிறுத்தவில்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று கொத்தாகப் பிடித்து இழுத்துவிட்டார். கண்ணாடிகூடப் போடவில்லை. பதினாறு வந்து நின்றதும் என்னவோ பாதி தூரம் வந்துவிட்டதுபோல் ஒரு நிம்மதி.

"மதினி என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. காலண்டரைப் பாத்தா. என்னையப் பாத்தா. அடுப்பை அமத்திட்டுக் கொல்லைப்பக்கம் போயிட்டா. அதுலேர்ந்து ஒரு வார்த்தை பேசலம்மா."

"அதுக்கு முன்னாடி பேசினாங்களா?"

"பேசினா. கொல்லையில போட்ட பனங்கிழங்கைப் பிடுங்கணும்னா. ஸ்கேன் முடியட்டும்னேன். பக்கத்துத் தெருக் கோமு மக பிள்ளை பெத்திருக்கா, போய்ப் பாக்கணும்னா. ஸ்கேன் முடியட்டும்னேன். மீன் வாங்கிட்டு வாங்கன்னா…"

"ஸ்கேன் முடியட்டும்."

"ஆமாம்மா."

அருளம்மைக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று சொல்ல முடியாது. "கிழிச்ச தாள் எங்க?" என்றார்.

ரயில்வேக்காரர் காகிதத்தைத் தூரப் போடமாட்டார். சட்டைப் பையிலிருந்து மடித்த கட்டை எடுத்தார். அருளம்மை மம்பட்டியை வரப்பில் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"கண்ணாடி இருக்கா? போட்டுக்கிட்டு வாசிங்க."

"அஞ்சு, வியாழன். ராகு காலம் ஒண்ணரையிலிருந்து…"

"அதை யாரு கேட்டா? கீழ ஏதோ எழுதியிருக்கே."

தில்லைநாயகம் தாளைக் கிட்டத்தில் கொண்டுபோனார். அச்சடித்த எழுத்துக்குக் கீழே பொடிப்பொடியாக, வயலட் மையில், செண்பகவல்லியின் கையெழுத்து.

"'கோமு வீட்டுக்குப் போகணும். பிள்ளையைத் தூக்கணும்.'"

"அடுத்தது."

ஆறாம் தேதியில் ஒன்றுமில்லை. ஏழாம் தேதித் தாளை எடுத்தார்.

"'முடியைக் கட்டையா வெட்டணும். மருந்து வந்து கொட்ட வைக்கதுக்கு முன்னாடி நானே…'"

இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி அது. கல்யாணத்தன்று அதைப் பார்த்துத்தான் அவர் வாயடைத்துப்போனார்.

"வாசிங்க அண்ணாச்சி."

"எட்டு, ஞாயிறு. 'கிழங்கு பிடுங்கணும். தள்ளிப்போட்டா நார் விழுந்துரும்.' ஒம்பதுல ஒண்ணுமில்ல. பத்து…" பத்தில் நின்றுவிட்டார்.

"என்ன போட்டிருக்கு?"

"'ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சோறு வடிக்கச் சொல்லிக்கொடுக்கணும். முப்பத்தாறு வருஷம் நான் வடிச்சது போதும்.'"

இந்தத் தடவை அருளம்மை வாய்விட்டே சிரித்தார். தில்லைநாயகத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இதையெல்லாம் மதினி எப்பம் எழுதினாங்க?"

"எப்பமோ வருஷப் பிறப்புல எழுதியிருப்பா…" என்று ஆரம்பித்தவர் மையை உற்றுப் பார்த்தார். தூக்கிவாரிப் போட்டது.

அந்தப் பேனாவை வாங்கியவரே அவர்தான். போன வாரம் ரிசல்ட் சொன்ன அன்று, ஸ்கேனுக்கான படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனா இல்லை. ஆஸ்பத்திரி வாசல் கடையில் வயலட் மைதான் இருந்தது. கையெழுத்துப் போட்டு முடித்ததும் செண்பகவல்லி அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அவர் கட்டிலில் சுருண்டு படுத்துவிட்டார். அவள் கூடத்தில் காலண்டர் பக்கம் வெகுநேரம் நின்றிருந்தாள். நல்ல நாள் பார்க்கிறாள் என்று அவர் நினைத்தார்.

"சொன்ன பிறகுதாம்மா எழுதியிருக்கா. எல்லாம் தெரிஞ்ச பிறகு."

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"அண்ணாச்சி, அந்த நோய் உங்ககிட்ட இந்தப் பதினோரு நாளைக் கேட்டுச்சா?"

"இல்லம்மா."

"அது கேக்கவே இல்ல. நீங்களாக் கிழிச்சுக் கொடுத்திருக்கீங்க. மதினி இறங்க வேண்டிய ஊர்ல எல்லாம் பச்சைக்கொடி காட்டிட்டீங்க."

தில்லைநாயகம் தாள்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தார்.

அருளம்மை எழுந்து உள்ளே போனார். ஒரு வாழை இலைக் கிழிசலில் கைப்பிடிச் சோறு கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"மசிங்க."

"எதுக்கும்மா?"

"ஒட்டத்தான். வரிசையா, மேல் ஓரம் மட்டும். ஒட்டின கட்டை வீட்டுல கொண்டுபோய்க் காலண்டரோட சேர்த்து ஒட்டுங்க. மதினி பாக்க ஒட்டுங்க."

அறுபத்திரண்டு வயசு மனிதர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சோற்றை விரலால் மசித்தார். முதலில் பதினைந்து, அதன்மேல் பதினாலு, பதின்மூன்று. ஒன்பதையும் பத்தையும் மாற்றி ஒட்டிவிட்டுப் பிரித்து மறுபடி ஒட்டினார். ஐந்தாம் தேதி மேலே வந்து உட்கார்ந்ததும் ஊதிஊதிக் காயவைத்தார்.

"இன்னைக்குத் தாள்ல என்ன இருக்கு?" என்றார் அருளம்மை.

"கோமு வீடு."

"பின்னே இங்க ஏன் நிக்கீங்க?"

அவர் எழுந்தார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். அருளம்மை வரப்பில் சாத்தியிருந்த மம்பட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை இங்க வரவேண்டாம். உங்களுக்குக் கொல்லையில வேலை இருக்கு. மதினியைக் குனியாதேன்னு சொல்லி உட்காரவச்சிராதீங்க. அவங்க பிடுங்கட்டும், நீங்க மண்ணை வெட்டிக் கொடுங்க."

"சரிம்மா."

நாலு எட்டு நடந்தவர் நின்றார். தோளில் மம்பட்டி, பையில் ஈரம் காயாத தாள்கள். திரும்பி வந்தார். கேட்காமல் போக முடியவில்லை அவரால்.

"அம்மா, நீங்க சொன்னதெல்லாம் செய்யுதேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பதினாறுக்கு அப்புறம் என்ன வரும்?"

அருளம்மை குனிந்து, மடையைக் கையாலேயே வெட்டித் தண்ணீரை அடுத்த வாழைக்குத் திருப்பினார்.

"பதினேழு வரும் அண்ணாச்சி. அதுல மதினி என்ன எழுதியிருக்காங்கன்னு நீங்க இன்னும் பாக்கல."